தனிவழியே கொப்பன்ஹேகனுக்கு

அறுபத்தாறு வயதுவரை நான் தனியே ஒரு பிரயாணமும் செய்தறியேன் என்று கூறினால் வாசகர்களிற் சிலர் நம்பமாட்டார்கள். ஊரிலிருந்து கொழும்புக்கு எத்தனையோ முறை சென்று வந்திருக்கிறேன். ஆயினும் பிரயாணச்சீட்டு ஒருபோதும் என் கையில் இருந்ததில்லை. 1981ஆம் ஆண்டு தபாற்சேவைப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றபோது தந்தையார் உடன்வந்து, உறவினர் வீட்டில் என்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். மணமான பின்னர் சீட்டுக்களை என் கணவர் தமது சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி இரவோடிரவாக நடந்தபோது சீட்டு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனினும் அன்றும் அவர் முன்னே நடக்க, என் தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு நான் பின்னே நடந்தேன். 2016இல் அவர் காலமானார். அதற்குப் பின்னர் சீட்டுக்கள் மருமகனின் கைக்கு மாறின.

இப்படிப்பட்ட நான் சென்ற ஆண்டு மே மாதத்தில் டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்கு மூன்று இரவு, நான்கு பகல் தனியே சென்று வந்தேன். அதற்கு நான் இட்ட திட்டத்தையும், அத்திட்டத்தில் எவை நிலைத்தன, எவை தவறின என்பதையும் எழுதுமாறு சில சகோதரிகள் கேட்டனர். பிள்ளைகள் புறநாடுகளில் வாழ, அவர்களிடம் சென்று யன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கேனும் இது பயன்படலாம்.

முதலில், ஏன் கொப்பன்ஹேகன்? 2025 மார்ச் மாதம், ஹம்பேர்க்கில் வாழும் என் மகளிடம் செல்ல ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையில் ஒரு செய்தி கண்ணிற் பட்டது. டென்மார்க்கின் அரச தபாற்சேவை அவ்வாண்டு முடிவோடு கடிதம் விநியோகிப்பதை அடியோடு நிறுத்தப்போகிறது. யூன் மாதம் முதல் நாடெங்குமுள்ள 1,500 சிவப்புத் தபாற்பெட்டிகளையும் கழற்றி எடுக்கப்போகிறது என்பதே அச்செய்தி. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 140 கோடி கடிதங்களைச் சுமந்த அச்சேவை 2024இல் 11 கோடியை மாத்திரமே சுமந்ததாம். அதனைத் தொடக்கிவைத்தவன் நான்காம் கிறிஸ்தியான் என்னும் அரசன். நாள் 1624ஆம் ஆண்டு டிசெம்பர் 24. நானூறு ஆண்டுகள் நடந்த காரியம்!

முப்பத்தெட்டு ஆண்டுகள் தபாற்கந்தோரில் இருந்து, உப தபாலதிபராக ஓய்வு பெற்றவள் நான். கடிதங்களுக்கு முத்திரை குத்திய சத்தம் இன்றைக்கும் சில இரவுகளிற் காதில் ஒலிக்கும். யுத்த காலத்தில் ஒரு கடிதம் வருமா வருமா என்று கந்தோர்ப் படியில் வந்து நின்ற முகங்களை எண்ணினால் நெஞ்சு கனக்கும். ஆகவே அச்செய்தியை வாசித்ததும், தறுவாயில் இருக்கும் உறவினரை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று நம்மூரார் புறப்படுவது போன்ற ஓர் எண்ணம் எழுந்தது. அந்தச் சிவப்புப் பெட்டி ஒன்றினுள் என் கையால் ஓர் அஞ்சலட்டையைப் போட வேண்டும். யூன் மாதத்துக்கு முன் போடவேண்டும். இதுவே பிரயாணத்தின் நோக்கம். மற்றவை எல்லாம் போகிற வழியிற் பார்ப்பவை.

ஹம்பேர்க் சேர்ந்து இதனைச் சொன்னபோது வீட்டில் முதலிற் சிரித்தனர். பின்னர் மகளின் முகம் மாறியது. "அம்மா, தனியவோ போகப் போறீங்கள்? எங்களுக்கு லீவு கிடைக்கட்டும், எல்லோருமாய்ப் போவம்" என்றாள். அவர்களுக்கு விடுமுறை ஓகஸ்டிலேதான். ஓகஸ்டில் பெட்டி இராது. மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "மாமி, திட்டத்தை எழுதிக் காட்டுங்கோ. சரியாயிருந்தால் நான் மறிக்கமாட்டன்" என்றார். பரீட்சை வைப்பதுபோல அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கி அன்றிரவே எழுதத் தொடங்கினேன்.

முதற்பக்கத்தில் எழுதியது கடவுச்சீட்டும் விசாவும். ஜெர்மனிக்கென எடுத்த செங்கன் விசா டென்மார்க்குக்கும் செல்லுபடியாகும்; புதிதாக ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே எண்ணப்படும் என்பதை மறத்தலாகாது. விசாவுக்கென எடுத்த, குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி அங்கும் உதவும். அதன் பிரதி ஒன்று கையில் இருக்கவேண்டும். எல்லை இல்லை என்று சொல்லுவார்களே என எண்ணிக் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லக்கூடாது. 2016 முதல் டேனியர் தம் எல்லையிற் சோதனை நடத்தி வருகின்றனர். என் புகையிரதத்திலும் இரு காவலர் ஏறி ஒவ்வொருவருடைய பத்திரத்தையும் பார்த்தனர்.

இரண்டாம் பக்கம் நாட்கள். இங்கேதான் சிறிது மூளையைச் செலவிடவேண்டியிருந்தது. அந்நகரின் காட்சிச்சாலைகள் பல, கிளிப்டோதெக் என்னும் சிற்பசாலை உட்பட, திங்கட்கிழமையில் மூடியிருக்கும். மே மாதத்தில் கிறிஸ்தவப் பெருநாள் விடுமுறைகளும் உள. அந்நாட்களிற் கடைகளும் அடைபடும். ஆகவே செவ்வாய் புறப்பட்டு வெள்ளி திரும்புவதென முடிவு செய்தேன். மே மாத நடுப்பகுதியில் அங்கே காலை ஐந்து மணியளவிற் சூரியன் உதித்து, இரவு ஒன்பதேகால் அளவிலேதான் மறைகிறான். தனியே செல்லும் பெண்ணுக்கு இதனினும் பெரிய துணை வேறில்லை. மார்கழியிற் சென்றால் ஏழு மணிநேரப் பகல்தான் கிடைக்கும். ஆனால் இந்த நெடும்பகலே என்னை ஓரிடத்தில் ஏமாற்றியது. அதனைப் பின்னர் கூறுவேன்.

மூன்றாம் பக்கம் பணம். டென்மார்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பினும் யூரோவை ஏற்கவில்லை. தன் குறோனையே வைத்திருக்கிறது. எனினும் அதன் பெறுமதி யூரோவோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ ஏழரைக் குறோன் என்ற கணக்கு பெரிதும் மாறுவதில்லை. அங்கே எல்லாம் விலைகூடியவை. ஒரு கோப்பை கோப்பிக்குக் கொடுப்பதை ரூபாவில் மாற்றிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. ஆகையால் மாற்றிப் பார்க்காதிருப்பதே நலம். காசுத்தாளை அநேகமாக எவரும் கையில் எடுப்பதில்லை. அட்டையாலேயே எல்லாவற்றையும் செலுத்துகின்றனர். செலவைக் குறைக்க நான் கண்ட வழிகள் சில: குழாய்நீர் நிலத்தடி நீர், தாராளமாகக் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொண்டால் தண்ணீருக்குச் செலவில்லை. காலை உணவுக்குப் பாணும் பழமும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். போக்குவரத்தையும் காட்சிச்சாலை நுழைவையும் ஒருங்கே அடக்கிய நகர அட்டை ஒன்றை 24 மணி, 48 மணி, 72 மணி என்ற கணக்கில் விற்கின்றனர். நாளொன்றுக்கு மூன்று நான்கு இடங்களை ஓடியோடிப் பார்ப்பவருக்கே அது இலாபம். என்னைப்போல் ஓரிடத்தில் ஒரு மணிநேரம் குந்தியிருப்பவருக்கு வேண்டியதில்லை.

நான்காம் பக்கத்தில் அவசரத் தொலைபேசி இலக்கம் 112, மகளின் இலக்கம், மருமகனின் இலக்கம், விடுதி முகவரி, மருந்துகளின் பெயர்கள். இதனை மூன்று பிரதி எழுதி ஒன்றைக் கைப்பையிலும், ஒன்றைப் பெட்டியிலும், ஒன்றைச் சேலைக்கு மேலணியும் குளிர்சட்டையின் உட்பையிலும் வைத்தேன். மருமகன் கொப்பியை வாசித்துவிட்டு, "மாமி, எங்கட கந்தோரிலும் இப்படி எழுத ஆளில்லை" என்றார். நாளுக்கு மூன்றுமுறை, கடைசியாக இரவு ஒன்பது மணிக்கு, தொலைபேசியிற் பேசவேண்டும் என்பது மகளின் நிபந்தனை.

ஹம்பேர்க்கிலிருந்து கொப்பன்ஹேகனுக்கு நேரே செல்லும் புகையிரதம் ஏறக்குறைய ஐந்து மணிநேரம் எடுக்கும். ஆசனத்தை முன்பதிவு செய்தல் அவசியம். மருமகன் மாணவராயிருந்த காலத்தில் இப்புகையிரதம் வேறு வழியாகச் சென்றதாம். புட்கார்டன் என்னும் துறையில் வண்டி முழுவதும் கப்பலின் வயிற்றினுள் புகுந்து, முக்கால் மணிநேரம் கடலைக் கடந்து, அக்கரையில் இறங்கி ஓடுமாம். 1963இல் தொடங்கிய அவ்வழி 2019 டிசெம்பரோடு புகையிரதங்களுக்கு நின்றுபோயிற்று. அங்கே இப்பொழுது கடலுக்கடியில் 18 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைத்து வருகின்றனர். ஆகவே வண்டிகள் வடக்கே யூட்லாந்தைச் சுற்றிச் செல்கின்றன. சுற்றுவழியென்று நான் வருந்தவில்லை. ரென்ட்ஸ்பேர்க் என்னுமிடத்தில் கீல் கால்வாயின் மேலாக 1913இற் கட்டிய உயர்ந்த இரும்புப் பாலம் ஒன்றுண்டு. கப்பல்கள் அடியிற் செல்ல இடம்விட்டு நாற்பது மீற்றருக்கு மேல் எழும்பி நிற்கும் அப்பாலத்திலிருந்து ஊர்மட்டத்துக்கு இறங்க, வண்டி அவ்வூரையே ஒரு வட்டமிட்டு வளைந்து இறங்குகிறது. வீட்டுக் கூரைகளை வலம்வருவது போலிருந்தது.

டென்மார்க்கினுள் புகுந்தபின் ஓடென்சே என்னும் ஊர் வந்தது. ஹான்ஸ் கிறிஸ்தியான் அண்டர்சன் 1805இற் பிறந்த ஊர் அதுவே. செருப்புத் தைப்பவரின் மகனான அச்சிறுவன் தகப்பனையும் இழந்து, பதினான்கு வயதில், 1819 செப்டெம்பரில், சிறுகச் சேர்த்த பணத்தோடு தன்னந்தனியே கொப்பன்ஹேகனுக்குப் புறப்பட்டான். அவனுக்குக் கொப்பி எழுதிக் கொடுத்தவர் எவருமில்லை. அங்கே அறிந்தவரும் எவருமில்லை. பத்து நிமிடத்துக்கொருமுறை கைப்பையைத் தொட்டுப்பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்பொழுது சிறிது வெட்கமாயிருந்தது. ஓடென்சேயைக் கடந்தபின் பெருங்கடற்கால் வருகிறது. பாதித் தூரம் தாழ்ந்த பாலத்திலும், பாதித் தூரம் கடலடிச் சுரங்கத்திலும் வண்டி ஓடுகிறது. 1997இற் புகையிரதங்களுக்குத் திறந்த வழி. அண்டர்சன் கப்பலிற் கடந்த கடலை நான் பத்து நிமிடத்திற் கடந்தேன்.

கொப்பன்ஹேகன் பிரதான நிலையத்துக்கு எதிரேதான் திவொலி என்னும் புகழ்பெற்ற களியாட்டத் தோட்டம். 1843இல் திறந்தது. அங்கே செல்லவில்லை. ஊஞ்சல்களும் இராட்டினங்களும் பிள்ளைகளோடு செல்வோருக்கே சுவைக்கும். தனியே செல்பவர் வெளியிலிருந்து கூச்சலைக் கேட்டால் போதும். அதற்குப் பதிலாக அண்மையிலுள்ள நகர மண்டபத்தினுள் சென்றேன். அங்கே யென்ஸ் ஒல்சன் என்னும் கடிகாரத் தொழிலாளர் கணித்த உலகக் கடிகாரம் ஒன்று கண்ணாடிப் பேழையினுள் ஓடிக்கொண்டிருக்கிறது. கோள்களின் நிலை, கிரகணம், பெருநாட்கள் எல்லாவற்றையும் அது காட்டும். அதன் சக்கரங்களுள் மிக மெதுவாகச் சுழல்வது ஒருமுறை சுற்றிவர 25,753 ஆண்டுகள் ஆகுமாம். ஒல்சன் 1945இல் இறந்தார். கடிகாரம் 1955 டிசெம்பரிலேதான் ஓடத் தொடங்கியது. அதனை முதலில் ஓடச்செய்தவர்களுள் ஒருவர் அரசர். மற்றவர் ஒல்சனின் பேரப்பிள்ளை. அப்பேழையின் முன்னே நான் மட்டுமே நெடுநேரம் நின்றேன். உடன்வந்தவர் எவரும் "போதும், வாருங்கள்" என்று இழுக்காதிருப்பது தனிப்பிரயாணத்தின் பெருஞ் சுகம் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

மறுநாட் காலை ஐந்தரை மணிக்கே எழுந்து கடற்கன்னியைப் பார்க்கச் சென்றேன். நண்பகலிற் சென்றால் சனக்கூட்டத்தின் முதுகைத்தான் காணலாம் என எவரோ சொல்லியிருந்தனர். அந்நேரத்தில் அங்கே இருந்தோர் நானும், ஒரு முதியவரும், அவருடைய நாயும். எட்வர்ட் எரிக்சன் வார்த்து 1913இல் வைத்த அவ்வெண்கலச் சிலை ஒன்றேகால் மீற்றர் உயரமே உடையது. "இவ்வளவுதானா?" என்று முகஞ்சுளிப்போர் பலர். எனக்கோ அச்சிறுமையே பொருத்தமாகத் தோன்றியது. 1964இல் தலையை அறுத்துச் சென்றனர், 1984இல் கையை, 1998இல் மீண்டும் தலையை. ஒவ்வொருமுறையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அவள் முகத்தில் அதனைப் பற்றிய குறை ஒன்றும் தெரியவில்லை.

அங்கிருந்து நடந்து நியூஹாவ்ன் என்னும் கால்வாய்க்கரை. 1670களில் வெட்டிய கால்வாய் அது. இருமருங்கும் மஞ்சளும் சிவப்பும் நீலமுமான பழைய வீடுகள். அண்டர்சன் இத்தெருவில் வெவ்வேறு காலங்களில் மூன்று வீடுகளில் வாடகைக்கு இருந்தார். இங்கே ஒரு பிழை விட்டேன். படம் எடுக்கப் பின்னோக்கி அடிவைத்தபோது, துவிச்சக்கரவண்டிகளுக்கென ஒதுக்கிய பாதையில் நின்றுவிட்டேன். மணியோசை ஒன்று, "ஹேய்!" என்றொரு குரல், குழந்தையை முன்பெட்டியில் ஏற்றிய ஒரு தாய் மயிரிழையில் விலகிச் சென்றாள். அந்நகரில் மோட்டார் வண்டியைவிடத் துவிச்சக்கரவண்டிக்கே அஞ்சவேண்டும். நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையில் சற்றே உயர்ந்திருக்கும் பாதை அவர்களுடையது. அதனை இருபுறமும் பார்த்தே கடத்தல் வேண்டும்.

முத்திரை வாங்கும் படலத்தைப் பற்றி ஒரு தனிக்கட்டுரையே எழுதலாம். தபாற்கந்தோர் எங்கே என்று நான் கேட்டபோது ஓர் இளம்பெண் எதோ பழங்காலத்துப் பொருளைக் கேட்டவளைப்போல் என்னைப் பார்த்தாள். தபாற்கந்தோர் என்று தனிக் கட்டடம் அங்கே இல்லை. பலசரக்குக் கடைகளின் மூலையிலேயே அவ்வேலை நடந்தது. முத்திரைகூட வேண்டியதில்லை, கையடக்கத் தொலைபேசியில் ஒரு குறியீட்டை வாங்கி உறையில் எழுதிவிட்டாற் போதும் என்றார் கடைக்காரர். எனக்கு அது வேண்டாம், ஒட்டும் முத்திரையே வேண்டும் என்றேன். உள்நாட்டுக் கடிதத்துக்கே 29 குறோன்; வெளிநாட்டுக்கு அதனிலும் கூட. டென்மார்க்கு தன் முதல் முத்திரையை வெளியிட்டது 1851 ஏப்ரில் முதலாந் திகதி. நமது இலங்கை 1857இல் அதே ஏப்ரில் முதலாந் திகதி. இதனைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு மீதியைத் தந்தார்.

பெட்டியைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மணிநேரமாயிற்று. வரைபடத்திற் குறித்துவைத்த முதலிடத்தில் பெட்டி இல்லை. முன்னரே எடுத்துவிட்டனர் போலும். இரண்டாமிடத்தில் ஒரு வீட்டுச் சுவரோரம் அது நின்றது: செக்கச்சிவந்த நிறம், முடியும் தபாற்கொம்பும் பொறித்த முகம். கடற்கன்னியின் படமுள்ள அட்டையை முன்னரே எழுதிவைத்திருந்தேன். நான் கடைசியாகச் சேவைசெய்த வலிகாமத்துக் கந்தோரில் இப்பொழுதுள்ள தபாலதிபருக்கு அது. வாயினுள் அட்டையை வைத்து, சிறிது பிடித்திருந்து, விட்டேன். அடியில் விழும் ஓசை கேட்டது. பெட்டி அநேகமாக வெறுமையாக இருந்திருக்கவேண்டும். நிறைந்த பெட்டியில் விழும் ஓசை வேறு. அதனை அறிய எனக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. சிறிது நேரம் அப்பெட்டியருகே நின்றேன். ஒருவரும் கடிதம் போட வரவில்லை.

வட்டக்கோபுரம் என்பது முழங்கால் நோயுள்ள முதியோருக்கென்றே கட்டினாற் போன்றது. 1642இல் முடிந்த அக்கோபுரத்தில் படிகள் இல்லை. ஏழரைச் சுற்றாக, 209 மீற்றர் நீளத்துக்கு வளைந்து ஏறும் செங்கற்பாதையே உண்டு. உச்சியில் வானாராய்ச்சி நிலையமும், இடையிற் பல்கலைக்கழக நூலகமும் இருந்தமையால் கருவிகளையும் நூல்களையும் ஏற்றிச்செல்ல இவ்வமைப்பு. 1716இல் ருஷியச் சக்கரவர்த்தி மகா பீற்றர் குதிரையிலேறி உச்சிவரை சென்றானாம். நான் மூன்றிடத்தில் இருந்து இளைப்பாறி ஏறினேன். உச்சியில் சில படிகள் மாத்திரமே.

இக்கோபுரத்தைக் கட்டியவனும் நான்காம் கிறிஸ்தியானே. ரோசன்போர்க் மாளிகை அவனது, கிறிஸ்தியான்ஸ்ஹாவ்ன் என்னும் நகர்ப்பகுதி அவனது, தபாற்சேவை அவனது. நம்மோடும் அவனுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1616இற் கிழக்கிந்தியக் கம்பனி ஒன்றை அவன் நிறுவினான். ஓவே யெட்டே என்னும் இளைஞன் தலைமையில் 1618இல் இந்நகரை விட்டுப் புறப்பட்ட கப்பல்கள் 1620இல் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தன. கண்டி மன்னனோடு செய்ய முயன்ற உடன்பாடு கைகூடவில்லை. அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றனர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அதனை வைத்திருந்தனர். நாயக்கர் டேனிய அரசனுக்குப் பொற்றகட்டில் தமிழில் எழுதிய ஓலை இந்நாட்டின் சுவடிக்கூடத்திற் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதனைக் காண முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. தபாற்காரி ஒருத்தி தமிழிற் சென்ற அத்தகைய கடிதத்தைப் பாராமல் திரும்பியது என் திட்டத்தின் பெருங்குறை.

மூன்றாம் நாள் கிறிஸ்தியான்ஸ்ஹாவ்னுக்குச் சென்றேன். வழியிற் பழைய வாணிப மாளிகை. கிழக்கிலிருந்து வந்த பண்டங்களையும் விற்பதற்கென்று அவ்வரசன் கட்டிய நீண்ட கட்டடம். நான்கு நாகங்களின் வால்கள் முறுகி 56 மீற்றர் உயரத்துக்கு எழுந்த கோபுரம் அதன் அடையாளம். 2024 ஏப்ரில் 16ஆந் திகதி காலை தீப்பிடித்து அக்கோபுரம் தெருவில் விழுந்தது. வழிப்போக்கர்களும் உள்ளே ஓடி ஓவியங்களைத் தூக்கி வந்தார்களாம். நான் கண்டபோது எங்கும் சாரங்கட்டி மூடியிருந்தது. எரிந்த நூலகம் ஒன்றை 1981இல் என் ஊரிற் கண்டவள் ஆகையால், அவ்விடத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பாலத்தைக் கடந்து, பழைய ஆசியக் கம்பனியின் முற்றமான ஆசியத்திடல் என்னுமிடத்தில் நீரோரமாய் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த பயற்றம் பணியாரத்தைத் தின்றேன். அக்கரையில் மஞ்சள் நிறப் படகு ஒன்று பஸ் வண்டியைப்போல் துறைக்குத் துறை ஆட்களை ஏற்றி இறக்கிச் சென்றது. பஸ்ஸுக்குரிய சீட்டே அதற்கும் போதும். சுற்றுலாப் படகுக்குப் பெரும்பணம் கொடுப்பதினும் இது மேல்.

மாலையில் அசிஸ்தென்ஸ் என்னும் மயானத்துக்குச் சென்றேன். அண்டர்சன், தத்துவஞானி கீர்க்ககார்ட், பௌதிக அறிஞர் நீல்ஸ் போர் ஆகியோரின் சமாதிகள் அங்கேயே உள்ளன. நம்மூர்ச் சைவப் பெண்கள் சுடலைக்குச் செல்வதில்லை. தந்தையாரையும் கணவரையும் படலையோடு அனுப்பிவிட்டு உள்ளே திரும்பியவள் நான். வாயிலிற் சிறிது தயங்கினேன். உள்ளேயோ மரநிழலிற் புத்தகம் வாசிப்போர், புல்லிற் பாய்விரித்துப் பழந்தின்போர், குழந்தையை வண்டியில் உறங்கவைத்துவிட்டுக் கதைத்திருக்கும் தாய்மார்! அண்டர்சனின் கல்லருகே ஓர் இருக்கையில் அமர்ந்தேன். என் கணவரை எண்ணினேன். நெடுநேரம் இருந்துவிட்டேன். வெளிச்சம் மங்காதிருந்தபடியால் நேரம் போனது தெரியவில்லை.

விடுதியை அடைந்தபோது ஒன்பதரை. அதன் பெயரை எழுதப்போவதில்லை. சிக்கனத்துக்காக நான் எடுத்த அவ்விடுதியில் இரவுக் காவலாளி இல்லை; கதவைத் திறக்கும் இலக்கம் தொலைபேசிக்கு வரும். படமெடுத்து எடுத்துத் தொலைபேசியோ மின்னிறங்கி இறந்துபோயிருந்தது. மூன்று பிரதி எழுதிய கொப்பியில் அந்த ஓர் இலக்கத்தை மட்டும் எழுதவில்லை! மணியை அடித்தேன்; எவரும் வரவில்லை. குளிர்காற்று வீசியது. கால்கள் நடுங்கின. முன்னே நடக்க ஒருவரைத் தேடிக் கண்கள் தெருவை இருமுறை பார்த்தன என்பதை மறைக்கமாட்டேன்.

பிறகு, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம் புகையிரத நிலையமே, அது ஐந்து நிமிட நடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அங்கே தேநீர் ஒன்றை வாங்கி, மின்கம்பியோடு கணினியின் முன் இருந்த மாணவன் ஒருவனிடம் தொலைபேசியைக் காட்டினேன். அவன் ஒன்றும் கேளாமல் தன் கம்பியைக் கழற்றித் தந்தான். அரைமணியில் உயிர் வந்தது. மகளின் பதினொரு அழைப்புக்கள் அதிற் கிடந்தன. "இப்பத்தான் பிள்ளை சாப்பிட்டு முடிச்சனான், சத்தத்திலே கேட்கவில்லை" என்றேன். நடந்ததை அவள் இப்பக்கத்திலேதான் முதன்முதல் வாசிப்பாள். அந்த மாணவனுக்கு நான் கற்றிருந்த ஒரே டேனியச் சொல்லான "தக்" என்பதை மூன்றுமுறை சொன்னேன். நன்றி என்பது பொருள். தனியே புறப்படும் சகோதரிகள் கதவிலக்கத்தை உள்ளங்கையிலேனும் எழுதிக்கொள்க.

வெள்ளிக்கிழமை திரும்பினேன். அன்று மரக்கறி நாளாதலால் ரை மாவிற் செய்த கரிய பாணும் வாழைப்பழமுமே ஆகாரம். பேத்திக்கு நடுவிலே துளையுள்ள குறோன் நாணயம் ஒன்று. அதனை அவள் நூலிற் கோத்துக் கழுத்திற் கட்டிக்கொண்டாள்.

டேனியத் தபாற்சேவையின் கடைசிக் கடிதம் 2025 டிசெம்பர் 30ஆந் திகதி விநியோகிக்கப்பட்டது. கடிதம் சுமப்பதை இப்பொழுது அங்கே ஒரு தனியார் நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. என் அட்டை நான் ஊருக்குத் திரும்பிய பின்னரே வந்து சேர்ந்தது. அதனைக் கொண்டுவந்த தபாற்காரர் கந்தோரில் கொடுக்குமுன் எனக்குக் காட்டிவிட்டுப் போவோமென்று வழியில் சைக்கிளை நிறுத்தினார். சட்டப்படி அது குற்றம். பார்த்துவிட்டு, உடனே கொண்டுபோய்க் கொடுக்கும்படி கண்டித்து அனுப்பினேன். இப்பொழுது அது தபாலதிபரின் மேசைக் கண்ணாடியின் கீழே, முத்திரை தெரியும்படி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.